நாலு அங்குல மஞ்சள்

காலை ஏழு மணிக்கு நாத்தனாரிடமிருந்து போன் வந்தபோது, கதைகளில் வருவதுபோல் அண்ணியின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சாக்கில் போனை வைத்துவிட்டு யோசிக்க இரண்டு நிமிடம் கிடைத்திருக்கும்.

"அண்ணி, அம்மாவை இன்னிக்கே கூட்டிட்டு வர்றேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் அங்க இருப்போம்."

"இன்னிக்கா? ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்னே?"

"டாக்டர் பார்த்துட்டார். ரெண்டு கண்ணும் பளிச்சுன்னு ஆயிடுச்சாம். சுவத்துல எறும்பு போனா எத்தனைன்னு எண்ணிச் சொல்றாங்க. இனிமே ஒரு நாள்கூட இங்க இருக்க மாட்டேன், என் வீட்டுல கொண்டுபோய் விடுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. எல்லார்கிட்டயும் ஏதோ பேசணுமாம் வேற."

"என்ன பேசணுமாம்?"

"என்கிட்ட எங்க சொல்றாங்க? அங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. பதினெட்டு நாளாகச் சொல்லிப் பழகியதால், இந்த ஒரு வாக்கியம் மட்டும் அவளைக் கேட்காமலேயே வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். கேட்டில் ஆரம்பித்து, சிமென்ட் தளத்தை நேராகக் கிழித்துக்கொண்டு வந்து, மூன்று படிகளிலும் ஏறி, நிலைப்படியில் முடிந்தது அந்த மஞ்சள் கோடு. எறும்பை எண்ணுகிற கண்ணுக்கு இது தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு இந்தக் கோட்டின் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை.

அண்ணி, இந்த வீட்டுப் பெரியவனின் மனைவி. அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவர்கள் நாத்தனாரும் கொழுந்தனும்தான். ஆனால் காய் விற்பவரிலிருந்து மீட்டர் பார்க்க வருகிறவர் வரைக்கும் தெரு முழுவதற்கும் அவள் அண்ணிதான். பெரியவன் தையல்காரன். வாசலுக்கு இடப்பக்கம் முன்னறையில் அவன் கடை. இன்னும் கல்யாணம் ஆகாத சின்னவன் சாலைகளில் கோடு போடுகிறவன். வண்டியில் போகும்போது நம் கூடவே நடுவில் ஓடிவரும் வெள்ளை, ஓரத்தில் ஓடிவரும் மஞ்சள் எல்லாம் இவனைப் போன்றவர்கள் வெயிலில் குனிந்து போட்டதுதான். வலப்பக்கக் கொட்டகையில் அவன் பெயின்ட் டப்பாக்கள் இருந்தன.

ஒன்பது நாளுக்கு முன்னால் சின்னவன் கத்தரிக்கோல் எடுக்கக் கடைக்குள் போனான். எடுத்துக்கொண்டும் வந்தான். அவன் கட்டைவிரல் மட்டும் ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைக் கல்யாண உடுப்பில், அதுவும் முன்பக்கத்தில், மஞ்சளாகப் பதிந்து தங்கிவிட்டது.

பெரியவன் குதித்தான். "எதுக்கும் ஒரு கோடு இருக்குடா! அதைத் தாண்டாதே!"

"எங்க இருக்கு கோடு? காட்டு பார்ப்போம்."

"கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் கோடா? போய்ப் போட்டுக்கோ ஒண்ணு!"

யாரிடம் போய் என்ன வார்த்தை சொல்கிறோம் என்று பெரியவன் யோசித்திருக்க வேண்டும். மறுநாள் விடியும்போது கோடு காய்ந்துவிட்டிருந்தது. நூல் பிடித்து, நாலு அங்குல அகலத்தில், இரண்டு பூச்சு. படி ஏறுகிற இடத்தில்கூட ஒரு மயிரிழை வளையவில்லை.

அன்றிலிருந்து தண்ணீர்க் குழாய் அண்ணன் பக்கம், துணி காயும் கொடி தம்பி பக்கம். தம்பி தெருக்குழாயில் போய்க் குளித்தான். அண்ணன் வீட்டு ஈரத்துணி தையல் கடைக்குள்ளேயே தொங்கியது. அண்ணி மட்டும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். அதற்குக் கூலியாக இரண்டு பேருக்கும் நடுவே சேதி சுமந்தாள்.

இதில் மாமியார் எங்கே வருகிறாள் என்றால், கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்றும் இந்த இரண்டு பேரும் எதற்கோ முட்டிக்கொண்டிருந்தார்கள். காரில் ஏறி உட்கார்ந்தவள் கண்ணாடியை இறக்கி, மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நான் வரும்போது இதுங்க ஒண்ணா இருந்தா உள்ள வருவேன். ரெண்டாக் கிடந்தா, கேட்டுலயே வண்டியைத் திருப்பச் சொல்லிடுவேன். மக வீட்டுலயே இருந்துடறேன்." சொன்னால் செய்கிறவள். ஒருமுறை கோபித்துக்கொண்டு நாலு மாதம் டீ குடிக்காமல் இருந்தவள்.

மாமியார் போனால் போகட்டும் என்று நினைக்கிற மருமகள்கள் இருக்கலாம். அண்ணி அந்த ரகம் இல்லை. பதினாலு வருடமாக அடுப்படியில் அவளோடு வாய் சண்டை போட்டு, சேர்ந்து சிரித்து, சேர்ந்து தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டு பழகியவள். இந்தப் பதினெட்டு நாளில் அந்த வீடு அவளை மூச்சுத் திணற அடித்தது. அத்தை வராமல் போய்விட்டால் இந்த இரண்டு ஊமைகளோடு எப்படிக் காலம் தள்ளுவது என்ற பயத்தில்தான் தினமும் போனில் பொய் சொன்னாள். 'இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டாங்க, அத்தை.' 'தம்பி அண்ணனுக்குப் பித்தான் தைச்சுக் கொடுத்தான், அத்தை.' பித்தான் கொஞ்சம் அதிகம்தான்.

அண்ணி வாசலுக்கு வந்து கோட்டின் மேலேயே நின்றாள். இந்தப் பக்கம் பெரியவன் கடையைத் திறந்துகொண்டிருந்தான். அந்தப் பக்கம் சின்னவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அத்தை அஞ்சு மணிக்கு வர்றாங்க. இன்னிக்கு."

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி முகம் வெளுத்தது. அந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

"அவன்கிட்டச் சொல்லு, போட்டவனே அழிக்கட்டும்னு" என்றான் பெரியவன். தம்பி ஆறடி தூரத்தில் நின்றான்.

"அண்ணி, போடச் சொன்னவரையே அழிக்கச் சொல்லுங்க."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் அண்ணி. "இன்னிக்குக் கடை கிடையாது. உனக்கும் வேலை கிடையாது, தம்பி. சாயங்காலத்துக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. இருந்துச்சு, அத்தை போற கார்லயே நானும் ஏறிடுவேன்."

பெரியவன் கடையை மூடினான். சின்னவன் போன் போட்டு லீவு சொன்னான். அண்ணி காரில் ஏறுவாளா மாட்டாளா என்று சோதித்துப் பார்க்க இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை.

முதலில் களத்தில் இறங்கியது பெரியவன். கறை எடுப்பதில் தன்னைவிட்டால் ஆள் இல்லை என்பது அவன் நினைப்பு. மை, துரு, எண்ணெய், ரத்தம் என்று என்னென்னவோ கறைகளைத் துணியிலிருந்து எடுத்திருக்கிறான். தின்னர் பாட்டிலும் வெட்டிப்போட்ட துணித் துண்டுகளுமாக வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். துணியை நனைத்து, ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து, மெதுவாக ஒற்றி ஒற்றித் தேய்த்தான். பட்டில் கறை எடுக்கும்போது அப்படித்தான் செய்வான்.

மஞ்சள் இளகியது. பெரியவன் முகம் மலர்ந்தது. இளகிய மஞ்சள் துணிக்கு வருவதற்குப் பதிலாக சிமென்டின் சிறு சிறு துளைகளுக்குள் இறங்கியது. பாக்கி இருந்தது இரண்டு பக்கமும் பரவியது. கால் மணி நேரத்தில் நாலு அங்குலக் கோடு அந்த இடத்தில் மட்டும் ஒரு அடி அகலத் திட்டாகிவிட்டது.

சின்னவன் வானத்தைப் பார்த்துச் சொன்னான். "அண்ணி, தரை வேட்டி இல்லைன்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

"அவனுக்குத் தெரிஞ்சா அவனைச் செய்யச் சொல்லு! தினம் இதே பொழப்புதானே?"

"போடத்தான் தெரியும். எடுக்கிற வேலை எங்களுக்குக் கிடையாது. மழை, வெயில், லாரி எதுக்கும் போகக் கூடாதுன்னுதான் இந்தப் பெயின்ட்டையே செய்றாங்க. தப்பாப் போட்டுட்டா மேல கறுப்படிச்சு மறைச்சிடுவோம். கறுப்பு இருக்கு. அடிச்சுடட்டுமா?"

"மஞ்சள் கோடு போய்க் கறுப்புக் கோடு வரும். அதுக்கு அத்தை காரை விட்டு இறங்கி ஆரத்தி எடுப்பாங்களா?" என்றாள் அண்ணி. "கடைக்குப் போய்க் கேட்டுட்டு வா. ஓடு."

சின்னவன் சைக்கிளில் பறந்தான். ஹார்ட்வேர் கடைக்காரர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்று பெயர் எடுத்தவர். சின்னவன் அரை மணி நேரம் கழித்து, பெயின்ட் உரிக்கிற ஜெல் இரண்டு டப்பா, பிளாஸ்டிக் தாள், சுரண்டுகிற தகடு, முரட்டு நைலான் பிரஷ், ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, தலை நிறைய உபதேசம் எல்லாவற்றோடும் திரும்பி வந்தான்.

"தடிமனாப் பூசணுமாம் அண்ணி. தேய்க்கக் கூடாதாம். பூசிட்டு பிளாஸ்டிக்கைப் போட்டு மூடணும், காயவே விடக் கூடாது. ஒரு மணி நேரம் ஊறினா அதுவா மேல எழும்புமாம். தகட்டால வழிச்சுத் தகர டப்பாவுல போடணும், சாக்கடைல விடக் கூடாது. துளைக்குள்ள போனதுக்கு மரத்தூள்ல ஜெல்லைக் குழைச்சு வச்சா உறிஞ்சிடுமாம். தின்னர் போட்டுத் தேய்ச்ச புத்திசாலி யாருன்னு வேற கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"வீட்டுல ஒருத்தர்னு சொன்னேன்."

பெரியவன் மூக்கு விடைத்தது. ஆனாலும் வந்து ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனும் குந்தி உட்கார்ந்து, ஜெல்லைப் பூசிக்கொண்டே கேட்டிலிருந்து நிலைப்படிவரை வந்தார்கள். அண்ணி பிளாஸ்டிக் தாளை விரித்து, பறக்காமல் இருக்க மேலே செங்கல்லையும் கடையிலிருந்த இஸ்திரிப் பெட்டியையும் வைத்தாள். மரத்தூள் கிடைக்கவில்லை. கடையில் மூட்டையாகக் கிடந்த துணித்துணுக்கைப் பொடிப்பொடியாக வெட்டிக் குழைத்தார்கள். அதுவும் உறிஞ்சத்தான் செய்தது.

காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அண்ணியால் தாங்க முடியாததாக இருந்தது. உள்ளே போனாள், வெளியே வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மாமியாரின் அறையில் விரிப்பை மாற்றினாள், மாற்றியது சரியில்லை என்று திரும்பப் பழையதையே போட்டாள். எல்லார்கிட்டயும் என்ன பேசணுமாம்? போனில் ஏதாவது உளறியிருப்போமா? பித்தானில் சந்தேகம் வந்திருக்குமோ?

பதினோரு மணிக்குப் பிளாஸ்டிக்கைத் தூக்கினார்கள். மஞ்சள் சுருங்கி, கொப்புளித்து, பாலேடு மாதிரி எழும்பியிருந்தது. தகட்டை வைத்துத் தள்ளினால் சுருள் சுருளாக வந்தது. சின்னவனுக்குத் தான் போட்ட கோடு உரிவதைப் பார்க்க ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். "நாலு வருஷம் தாங்கியிருக்கும்" என்று முணுமுணுத்தான்.

இரண்டாவது பூச்சின்போதுதான் அது நடந்தது. பெரியவனுக்கு ரப்பர் கையுறை ஒத்துவரவில்லை, விரலுக்குப் பிடிமானம் தெரியவில்லை என்று யாருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டிருந்தான். ஊசி பிடித்த விரல்களுக்கு அப்படியொரு கர்வம். திடீரென்று "ஆ" என்று கையை உதறினான்.

அண்ணி உள்ளே இருந்து வருவதற்குள் சின்னவன் கோட்டைத் தாண்டியிருந்தான். அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து, பாய்கிற தண்ணீரில் வைத்து அழுத்தினான்.

"கையுறை போடுன்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? தோலையும் சேர்த்து உரிச்சிடும்னு அந்தாளு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு!"

"விடுடா, எரியுது."

"எரியும். எடுக்காதே. இன்னும் பத்து நிமிஷம் வச்சிரு. இந்த விரல் போச்சுன்னா அப்புறம் எதை வச்சு ஊசி கோர்ப்பே?"

ஒன்பது நாளில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இது. சின்னவனுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க, அண்ணன் கையைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இந்தக் காட்சியை அத்தையிடம் சொல்லலாம், இது பொய்யில்லை என்று அவள் மனசு துள்ளியது.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் சிவந்துவிட்டன. அதிகம் இல்லை. அண்ணி மருந்து தடவித் துணி சுற்றினாள்.

மத்தியானம் அவனுக்கு ஸ்பூன் போட்டுச் சாப்பாடு கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பார்த்தீங்களா? உங்க தம்பி எப்படி ஓடி வந்தான்?"

"பார்த்தேன்." ஸ்பூனைக் கீழே வைத்தான். "ஒண்ணு சொல்லட்டா? இந்த ஒன்பது நாள்ல நான் ஒரு துணிகூடக் கெடுக்கல. ஒருத்தர்கிட்டயும் கத்தல. என் மேசை மேல வச்ச பொருள் வச்ச இடத்துலயே இருந்துச்சு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

அண்ணிக்கு அப்போது கடிகாரம்தான் கண்ணில் இருந்தது. அந்தப் பேச்சைத் தட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இரண்டு மணிக்குக் கடைசித் துளி மஞ்சளும் போய்விட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, மூன்று பேரும் படியில் உட்கார்ந்து தளம் காய்வதைப் பார்த்தார்கள். காயக் காய, கேட்டிலிருந்து படிவரை ஒரு வெள்ளைப் பட்டை எழுந்து வந்தது.

மஞ்சள் போய்விட்டது. கோடு போகவில்லை.

"என்னடா இது?" என்றான் பெரியவன்.

சின்னவன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். "இது பெயின்ட் இல்ல. சுத்தம். நாம தேய்ச்ச இடம் மட்டும் புதுசு மாதிரி ஆயிடுச்சு. மத்ததெல்லாம் வருஷக்கணக்கா ஏறின அழுக்கு."

இருபது வருடத்துப் பாசியும் புகையும் செருப்புத் தடமும் சேர்ந்து கருத்துக் கிடந்த தளத்தில், அந்தப் பட்டை பழைய மஞ்சளைவிட எடுப்பாகத் தெரிந்தது. முன்பாவது கோடு கேட்டுக்குப் பக்கத்தில் நாலு அங்குலம்தான். இப்போது பெரியவன் தின்னர் போட்ட இடத்தில் அது வயிறு வேறு தள்ளிக்கொண்டு நின்றது.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையாகிவிட்டது, அது அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணி, அழாதீங்க. பக்கத்து அழுக்கைக் கொஞ்சம் எடுத்து இங்க பூசிடலாமா?"

"டேய், நீ பூசினவரைக்கும் போதும்டா" என்றான் பெரியவன். நேரடியாகத் தம்பியிடமே சொன்னான்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மொத்தத்தையும் கழுவணும். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும். வேற வழியில்ல."

ஆளுக்கொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அண்ணன் இடப்பக்கமும் தம்பி வலப்பக்கமும் திரும்பினார்கள். அண்ணி விடவில்லை. "நில்லுங்க. ரெண்டு பேரும் மாறிக்கோங்க. அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்க கழுவினா ரெண்டும் ரெண்டு நிறமா வரும்."

உண்மையில் அப்படி வருமா என்று அவளுக்குத் தெரியாது. சொல்லிவைத்தாள்.

தையல்காரன் ஒற்றைக் கையால் பெயின்ட் கொட்டகை முன்னால் தேய்த்தான். கோடு போடுகிறவன் தையல் கடை முன்னால் தேய்த்தான். நூல் துண்டும் உடைந்த பித்தானும் நாலைந்து குண்டூசியும் அவன் பிரஷ்ஷில் மாட்டின. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார்கள். அண்ணி ஆமாம் என்றாள். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்ததில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. நாலு மணிக்கு முக்கால் தளம் முடிந்திருந்தது. நாலரைக்கு நாத்தனார் போன் செய்து, வழியில் டயர் பஞ்சர், ஆறரை ஆகிவிடும் என்றாள். டயருக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அன்றைக்கு அண்ணியாகத்தான் இருப்பாள்.

ஆறு மணிக்கு முடிந்தது. தளம் முழுவதும் ஒரே நிறத்தில், வெளிறிய சாம்பலாக, பழக்கமில்லாத ஒரு சுத்தத்தில் கிடந்தது. மூன்று பேரும் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார்கள். குனிந்து பார்த்தார்கள். எங்கேயும் கோடு இல்லை.

"போடா, போய் நம்ம குழாய்ல குளி" என்றான் பெரியவன்.

நம்ம குழாய். அண்ணி அதைக் காதில் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

கார் வந்தபோது நன்றாக இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணி கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். வண்டி தெருவிலிருந்து திரும்பியதும் முகப்பு விளக்கு வெளிச்சம் வாசலுக்குள் பாய்ந்தது.

தளத்தில் கோடு எரிந்தது.

கேட்டிலிருந்து படிவரை, நூல் பிடித்த மாதிரி, பொட்டுப் பொட்டாக ஆயிரம் மின்மினி. சின்னவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மணி" என்றான். "கண்ணாடி மணி, அண்ணி. பெயின்ட் ஈரமா இருக்கும்போது மேல தூவுவோம், ராத்திரி வண்டி வெளிச்சத்துல தெரியறதுக்கு. கடுகுல பாதி இருக்கும். பகல்ல கண்ணுக்கே தெரியாது. துளைக்குள்ள உக்காந்துடுச்சு போல. மறந்தே போயிட்டேன்."

காரின் கதவு திறந்தது. மாமியார் இறங்கினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, மின்னுகிற கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

"அட" என்றாள் மாமியார். "நான் சொல்ல வந்ததை நீங்களே செஞ்சு வச்சிட்டீங்களா?"

யாருக்கும் புரியவில்லை.

"இல்லம்மா" என்று சின்னவன் முன்னால் வந்தான். "அது பழசு. நான்தான் கிறுக்குத்தனமாப் போட்டேன். இன்னிக்குப் பூரா நாங்க மூணு பேரும் சேர்ந்து அழிச்சோம். மணி மட்டும்தான் மிச்சம், அதையும் எடுத்துடறேன்."

"ஏன்டா அழிச்சீங்க?"

"ஏன்னா... நீதானேம்மா சொன்னே. ரெண்டாக் கிடந்தா உள்ள வர மாட்டேன்னு."

"சொன்னேன். கோவத்துல சொன்னேன். மக வீட்டுல கண்ணைக் கட்டிட்டுப் படுத்திருந்தேன்ல, வேற வேலை என்ன? காதைத் தீட்டிட்டு யோசிச்சேன்." மருமகள் பக்கம் திரும்பினாள். "தினம் போன்ல சொன்னியே, சேர்ந்து சாப்பிட்டாங்க, சேர்ந்து சிரிச்சாங்கன்னு. ஒரு நாளாவது பின்னால ரெண்டு பேர் குரலும் சேர்ந்து கேட்டுச்சா? பொய் சொல்லிச் சொல்லியே நீ இளைச்சுப் போயிட்டே. மூஞ்சியைப் பாரு. முன்னெல்லாம் எனக்கு மங்கலாத் தெரியும். இப்ப நல்லாத் தெரியுது."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன்னை நடுவுல போட்டு அரைச்சு இதுங்க ஒண்ணா இருக்க வேணாம். பிரிஞ்சாவது நல்லா இருக்கட்டும். நாளைக்குக் காலையில இடத்தை அளக்க ஆள் வர்றார். வக்கீல்கிட்டயும் பேசிட்டேன். ஆளுக்குப் பாதி, நடுவுல சுவர். இதத்தான் பேசணும்னு வந்தேன்." சின்னவனைப் பார்த்தாள். "அளக்கிறவர் வர்றதுக்குள்ள அதே இடத்துல ஒரு கோடு போட்டு வைடா. நீ நேரா போடுவே."

இரண்டு பதில்கள் ஒரே சமயத்தில் வந்தன.

"வேண்டாம்மா."

"சரிம்மா."

ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்ததால், எது யாருடையது என்று பிரித்தெடுக்க அண்ணிக்கு ஒரு நொடி ஆனது. வேண்டாம் என்றவன் சின்னவன்.

அண்ணி மெதுவாகத் தன் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் துணி சுற்றிய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். வெட்கப்பட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணா?" என்றான் சின்னவன்.

மாமியார் கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுவி வைத்திருந்த அந்தப் பெரிய தளத்தை, புதுக் கண்ணால் இடதும் வலதுமாகப் பார்த்தாள். அவளிடமும் கொஞ்சம் தடுமாற்றம் தெரிந்தது.

"ஒருத்தன் வேண்டாங்கறான், ஒருத்தன் சரிங்கறான்" என்றாள். "இப்ப நான் எந்தப் பக்கமா உள்ள வர்றது?"

அவளுக்குப் பின்னால் காரின் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.